கோரப்பல்லனின் நாய்

போன மாதம் வைட்ஃபீல்ட் ஆபீஸ் கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்ட கோயம்புத்தூர்ப் பையன், தட்டை ஒதுக்கிவிட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தான். கெட்டி அட்டை, வழுவழுப்பான தாள், மேலே பொன் நிற எழுத்தில் ‘கோரப்பல்லன்’. அவனுடைய அப்பா சின்ன வயதில் படித்த காமிக்ஸாம். இப்போது மறுபதிப்பு வந்திருக்கிறதாம்.

“ஹாரர்னு போட்டிருக்காங்கக்கா. எனக்கு ஒரே சிரிப்பா வருது” என்றான்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினேன். நேராக முதல் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். முடிவை முதலில் படிக்கிறீர்களே என்று அவன் கேலி செய்தான். எனக்கு அவன்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், ஒருநாள் இரவல் கொடு என்று மட்டும் கேட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்த கோரப்பல்லனுக்கு அட்டையே கிடையாது. முதல் நாலு பக்கமும் கிடையாது. அண்ணன் அதைப் பழைய பேப்பர் வாங்குகிற ரத்திக் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தான். பழைய பேப்பரைக் கட்டிக் கொடுத்து உதவினால், வேறு யாரும் வாங்காத தமிழ்ப் புத்தகங்களைக் கடைக்காரர் அவனிடம் தள்ளிவிடுவார். கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடியபின் நைனா எங்களைக் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்து, பிரேசர் டவுனில் ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு பிடித்திருந்த காலம் அது. நைனாவுக்கு வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை. இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினைந்து. வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம் அந்தக் கிழிந்த புத்தகம்.

மறுபதிப்பில் பார்த்தால், கதை எல்லா இதழிலும் ஒன்றுதான். ஏதோ ஒரு குளிர்தேசத்தில் சின்ன ரயில்நிலையம். அங்கே சிக்னல் விளக்கு ஏற்றுகிற ஒரு சோப்ளாங்கி ஆள். யார் திட்டினாலும் தலை குனிந்துகொள்வான். ஊருக்குள் கொள்ளைக்காரர்களோ கொலைகாரர்களோ புகுந்தால் போதும், அவனுக்குப் பல் கிட்டித்துக்கொள்ளும், கண் மேலே சொருகும், தடாலென்று விழுவான். கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். வாயில் நுரை தள்ளும். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் முழுப் பக்கத்துக்கும் கோரப்பல்லன் நிற்பான். பன்றி மயிர் முளைத்த முதுகு, காது வரை நீண்ட இரண்டு பல், கையில் பிய்த்தெடுத்த தண்டவாளம். “அற்பர்களே, ஓட இடமில்லை!” என்று சுத்தத் தமிழில் உறுமிவிட்டு எல்லோரையும் துவம்சம் செய்வான். காப்பாற்றப்பட்ட ஊர்க்காரர்கள் நன்றி சொல்வார்கள் என்றா நினைக்கிறீர்கள்? தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு அவனையே துரத்துவார்கள்.

எனக்கு அந்த முழுப்பக்கப் படம் உயிர். உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு விரலிடுக்கில் ஒவ்வொரு பல்லாகப் பார்ப்பேன். பயமாக இருக்கும். அந்தப் பயத்துக்காகவே மறுபடி பார்ப்பேன். அண்ணன் அந்தப் பக்கத்தில் நிற்கவே மாட்டான். சரசரவென்று தள்ளிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவான். அங்கே ஒன்றுமே நடக்காது. விடிந்திருக்கும். விளக்கேற்றுகிறவன் பழைய மனிதனாகி, சட்டை கிழிந்து, உடம்பெல்லாம் காயத்தோடு தண்டவாளத்தோரம் கிடப்பான். பக்கத்தில் ஸ்டேஷன் நாய், அதுவும் ஒரு கால் நொண்டி, உட்கார்ந்திருக்கும். அவன் அதனிடம் ஏதோ கேட்பான். அவ்வளவுதான். இதில் என்ன இருக்கிறது என்று அரை மணி நேரம் பார்க்கிறான் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

நாங்கள் அந்தக் கதையை விளையாடுவோம். அண்ணன்தான் எப்போதும் கோரப்பல்லன். நான் கொள்ளைக்காரி ஆகிறேன் என்றால் கேட்க மாட்டான்.

“நீதான் நாய்” என்பான்.

“நாய்க்கு வேலையே இல்லண்ணா.”

“யார் சொன்னது? அவன் கீழ விழுந்தான்னா நாய் இன்னா பண்ணும் தெரியுமா? பக்கத்துல கெடக்கற பாத்திரம் பக்கெட்டு எல்லாத்தையும் தள்ளி வைக்கும். அவனை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கும். வாய்ல ஒண்ணும் திணிக்காது. அவன் முழிக்கற வரைக்கும் எங்கயும் போவாது. எல்லாத்தையும் பாத்துக்கினே இருக்கும்.”

புத்தகத்தில் நாய் அப்படி எதுவும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கிடைத்த வேஷத்தை விடக் கூடாது என்று அவனை உருட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பழகினேன். என் எட்டு வயதுக்கு அவன் கனமாகத்தான் இருந்தான். இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை வைத்து இழுத்தால் திரும்பிவிடுவான். ஒரு வாரத்தில் கைதேர்ந்த நாயாகிவிட்டேன்.

அண்ணனுக்கு வலிப்பு. முதல்முறை பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையின்போது விழுந்தானாம். அங்கே டிரில் மாஸ்டர்தான் வாயில் எதையும் திணிக்க விடாமல் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தாராம். அதன்பிறகு வீட்டில், தெருக்குழாயடியில், ஒருமுறை பஸ்சில். நான் முதலில் பார்த்தது வீட்டில்தான். பல் கிட்டித்தது, கண் சொருகியது, விழுந்தான், வெட்டி இழுத்தது, நுரை வந்தது. கட்டத்துக்குக் கட்டம் அப்படியே புத்தகம்தான். மற்றவர்கள் அலறியபோது நான் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் வாயையே பார்த்தேன். பல் எப்போது நீளும் என்று காத்திருந்தேன். எங்கள் வீட்டில் எங்கள் கண்ணெதிரே கோரப்பல்லன் வரப்போகிறான் என்கிற பெருமை எனக்கு. அவன் வரவில்லை. பக்கத்து வீட்டு சாச்சி, “சாவி எங்கே? இரும்பு குடு, கையில வை!” என்று கத்திக்கொண்டே வந்து தன் சாவிக்கொத்தை அவன் கைக்குள் திணித்தாள். எங்கள் சந்தில் வலிப்புக்கு அதுதான் முதல் வைத்தியம். நான் என் பங்குக்கு அவனை ஒருக்களித்துத் திருப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் கண் திறந்தான். யாருடையது என்றே தெரியாத ஒரு சாவிக்கொத்து கையில் இருப்பதைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கி என்னைத் தேடினான்.

“பாப்பா, நான் யாரையாவது அடிச்சிட்டனா?”

கதையிலும் கடைசிப் பக்கத்தில் அவன் நாயிடம் இதைத்தான் கேட்பான். “நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லையே?” என்று. அண்ணன் விழுந்து எழுந்த கையோடு விளையாட்டையும் ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன்.

“ஒருத்தரையும் அடிக்கலை. சும்மா கெடந்தே” என்றேன். எனக்கு ஏமாற்றம், அதைக் குரலில் மறைக்கத் தெரியாத வயது.

“நெசமா? நல்லாப் பாத்தியா?”

“பாத்துக்கினேதாண்ணா இருந்தேன்.”

நெற்றிச் சுருக்கம் விலக, அவன் சாவியைச் சாச்சியிடம் திருப்பிக் கொடுத்தான். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் இதே கேள்வி, இதே பதில். இப்படிப்பட்ட உதவாக்கரைக் கோரப்பல்லனுக்கு நாயாக வாய்த்தேனே என்று நான் உள்ளுக்குள் சலித்துக்கொண்டேன்.

நைனா ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். ஒருவேளைகூடத் தவறக் கூடாது, சாவியும் வேண்டாம் கரண்டியும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று டாக்டர் சொன்னதாக நைனா வந்து சொன்னார். மாத்திரை போட்டதும் விழுவது குறைந்தது. ஆனால் வகுப்பில் தூங்கி வழிந்தான். எஸ்.எஸ்.எல்.சி. வருஷம். தூங்கினாலும் குற்றம், விழுந்தாலும் குற்றம். இன்னொரு முறை விழுந்தால் பரீட்சையைப் பிரைவேட்டாக வெளியிலிருந்து எழுதிக்கொள்ளட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மா அன்று வீட்டுக்கு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சுரங்கம் மூடினதில் மிஞ்சியது இந்தப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள். அம்மாமேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு, ஆனால் அந்த அழுகையில் பொய் இல்லை.

அந்தச் சமயம் பார்த்துப் பெரியம்மா வந்தாள். மாவு மில்லுக்கு மேலே ஒரு ஹாலில் ஜெபக்கூட்டம் நடக்கிறது, அங்கே ஒரு பாஸ்டர் இருக்கிறார், அவர் கை வைத்தால் எப்பேர்ப்பட்டதும் போய்விடும் என்றாள். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக வேதக்கோயிலுக்குப் போய், பாட்டுப் பாடி, அமைதியாக வீடு திரும்புகிற குடும்பம். நைனா வீட்டில் இருந்திருந்தால் பெரியம்மாவுக்குக் காப்பியைக் கொடுத்து அனுப்பியிருப்பார். அம்மா புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

பாஸ்டர் அம்மாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது? பிசாசு தானாக வராதாம். வீட்டில் ஏதாவது ஒரு பொருள் அதற்கு வாசலாக இருக்குமாம். மந்திரத் தகடோ, தாயத்தோ, பொம்மையோ, படமோ. அம்மா வீடு பூராவும் தேடினாள். எங்களிடம் தகடுக்கும் வசதி இல்லை, பொம்மைக்கும் வசதி இல்லை. அண்ணனுடைய பாய்க்கு அடியில் புத்தகம் கிடைத்தது. விரித்தாள். விழுகிற படம், இழுக்கிற படம், நுரை தள்ளுகிற படம், பிறகு பல். அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விழ ஆரம்பித்த பிறகுதான் அண்ணன் அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமைப் பகல் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பிருந்து அண்ணன் உபவாசம். மாத்திரையும் கிடையாது. விசுவாசம் பாதி மாத்திரை பாதி என்று இருந்தால் கர்த்தர் வரமாட்டார் என்று சொல்லிவிட்டார்களாம். அண்ணன் மறுக்கவில்லை. பரீட்சை எழுத வேண்டும் என்று அவனுக்கும் ஆசை இருந்தது. மூன்று நாள் சோறும் இல்லாமல் மாத்திரையும் இல்லாமல் கிடந்தால் வராத வலிப்பும் வரும் என்பதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை முதலில் மொட்டைமாடியில் புத்தகத்தை எரித்தார்கள். காலிப் பெயின்ட் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு பிரதரிடம் வேலையை ஒப்படைத்திருந்தார்கள். அவர் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டினார். நின்றுகொண்டே ஒரு பக்கம் படித்தார். தீக்குச்சியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனார். முழுப்பக்கக் கோரப்பல்லன் வந்ததும் அவர் வாய் கொஞ்சம் திறந்துகொண்டது. கீழேயிருந்து கூப்பிட்டார்கள். “இதோ பிரதர்!” என்று சொல்லிவிட்டு முற்றும் வரை படித்து முடித்தபிறகுதான் டின்னில் போட்டார். நான் அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

ஹாலுக்குள் அண்ணனை நடுவில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பிள்ளைகள் உள்ளே இருக்கக் கூடாது, வெளியே வருவது எங்கள்மேல் ஏறிக்கொள்ளும் என்று என்னை மாடிப்படியில் உட்காரச் சொன்னார்கள். படியெல்லாம் மாவுத் தூள். கீழே மில் ஓடுகிற சத்தத்தில் உள்ளே பாடுகிறார்களா கத்துகிறார்களா என்று தெரியவில்லை. திடீரென்று கரண்ட் போயிற்று. மில் நின்றதும் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

“புடி, காலைப் புடி! வெளிய வந்துட்டான்! போ! போடா வெளிய!”

தடாலென்று யாரோ விழுகிற சத்தம். அப்புறம் அடி விழுகிற சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல். யாரோ வலியில் அலறினார்கள். அண்ணன் குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மாறும்போது குரலும் மாறும் என்பது எனக்குத் தெரியாதா? படியில் நின்றுகொண்டு குதித்தேன். கடைசியில் வந்தேவிட்டான். புத்தகத்தை எரித்த கோபத்தில் வந்திருக்கிறான். உள்ளே அத்தனை பேரையும் துவம்சம் செய்துகொண்டிருக்கிறான். சாவித் துவாரத்தில் கண் வைத்துப் பார்த்தேன், யாரோ ஒருவருடைய முதுகுதான் தெரிந்தது.

கதவு திறந்தது. பிரதர்கள் கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தார்கள். வேர்த்துக் கொட்டியது. ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போயிருந்தது, ஒருவர் கைக்கடிகாரத்தின் வார் அறுந்திருந்தது, ஒருவர் கடிபட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? பெருமையோடு அவர்களைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

அண்ணன் மல்லாந்து கிடந்தான். யாரும் அவனை ஒருக்களித்துப் படுக்க வைக்கவில்லை. உதடு கிழிந்து மோவாயில் ரத்தம் வழிந்திருந்தது. கண் திறந்தான். தன்னைச் சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தான், பொத்தான் போன சட்டையைப் பார்த்தான், விரலைச் சப்பிக்கொண்டிருந்தவரைப் பார்த்தான். நான் கிட்டே போவதற்குள் கேட்டுவிட்டான்.

“நான் யாரையாவது அடிச்சிட்டனா?”

பாஸ்டர் குனிந்து அவன் தலையில் கை வைத்தார். “நீ அடிக்கலப்பா. உனக்குள்ள இருந்தது அடிச்சது. இப்போ போயிடுச்சு.”

“ஆமாண்டா கண்ணு” என்றாள் அம்மா. சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. “அஞ்சு பேர் சேந்தும் உன்னைப் புடிக்க முடியலடா.”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் கையை ஊன்றி எழுந்து, தள்ளாடிக்கொண்டே ஒவ்வொரு பிரதர் முன்பாகவும் போய் நின்று கைகூப்பினான். மன்னிச்சிடுங்க பிரதர், மன்னிச்சிடுங்க பிரதர் என்று ஒருவரையும் விடாமல் கேட்டான். அவர்களும் மன்னித்தார்கள். தோளில் தட்டிக்கொடுத்து, மிகப் பெருந்தன்மையோடு மன்னித்தார்கள். அந்த மன்னிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன். எங்கள் அண்ணன் ஐந்து பேரை அடித்தான் என்று சந்துப் பிள்ளைகளிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றியபோது அவன் முதுகெல்லாம் வரிவரியாகக் கன்றிப்போயிருந்தது. அது வெளியே போகும்போது கீறிவிட்டுப் போன அடையாளம் என்று அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். கோரப்பல்லனுக்குச் சண்டை முடிந்தால் காயம் இருக்காதா என்று நான் எண்ணிக்கொண்டேன். அடுத்த நாள் நைனா வந்து அந்த முதுகைப் பார்த்தார். அவர் அம்மாவைக் கை நீட்டி அடிக்கப் போனதை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். அண்ணன்தான் குறுக்கே புகுந்து தடுத்தான். மாத்திரை மறுபடி ஆரம்பமாயிற்று. பரீட்சையும் எழுதினான், தேறினான்.

ஆனால் விழுந்து எழுந்தால் அந்தக் கேள்வியை மட்டும் அவன் அப்புறம் கேட்கவேயில்லை. எழுந்து உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் முகம் கழுவப் போய்விடுவான். பாயை எங்களைவிட்டுத் தள்ளிக் கதவோரம் போட்டுக்கொண்டான். நான் அவனைத் திருப்பிவிடப் போனது தெரிந்தால், “கிட்ட வராத பாப்பா, எட்டப் போ” என்று அதட்டினான். விளையாட்டை முடித்துவிட்டான், எனக்கு நாய் வேலையும் போயிற்று என்று நினைத்து அழுதேன்.

பெரியவனானதும் ஒரு குடோனில் பேக்கிங் வேலை கிடைத்தது. வேலை கிடைத்த கையோடு ஸ்ரீராம்புரத்தில் தனி அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நல்லது கெட்டதுக்கு வருவான், ராத்தங்க மாட்டான். கல்யாணப் பேச்சு எடுத்தால், “என்கூட ஒரு பொண்ணைப் படுக்க வெச்சு அதோட உசுருக்கு யாருமா பதில் சொல்றது?” என்று கேட்பான். என்ன பேச்சு இது என்று நாங்கள் திட்டினோம். அந்த அறையில்தான் ஒருநாள் ராத்திரி வலிப்பு வந்து செத்துப்போனான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் வீட்டுக்காரர் கதவை உடைத்தார். குப்புறக் கிடந்தான். யாராவது பக்கத்தில் இருந்து ஒருக்களித்துத் திருப்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடுப்பில் ஒரு கை, தோளில் ஒரு கை. எட்டு வயதில் எனக்குத் தெரிந்த வேலை.

புத்தகத்தை மறுநாள் அந்தப் பையனிடம் திருப்பிக் கொடுத்தேன். சிரிப்பாக இல்லையா அக்கா என்று கேட்டான். நல்ல பேப்பர், நன்றாகப் பிரிண்ட் பண்ணியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் விளக்கேற்றுகிறவன் அப்படிக் கேட்டதும் நாய் அவன் கையை நக்கும். நாய் முழுவதும் பார்த்தது, இன்னும் பக்கத்தில் இருக்கிறது, அப்படியென்றால் தன்னால் யாருக்கும் தீங்கில்லை. அண்ணன் அரை மணி நேரம் உற்றுப் பார்த்தது இதைத்தான். அவன் என்னிடம் கேட்டது ஒருநாளும் விளையாட்டுக்கில்லை. மாடிப்படியில் குதித்த எட்டு வயசுப் பெண்ணுக்கு இது தெரியாது. ஐந்து பேர் அடி வாங்கியிருந்தால் அடித்த தடம் அந்த ஐந்து பேர் உடம்பில் அல்லவா இருந்திருக்க வேண்டும், அது ஏன் என் அண்ணன் ஒருவன் முதுகில் மட்டும் இருந்தது என்று கேட்கவும் அவளுக்குத் தெரியவில்லை.